கூண்டு தயாரான பிறகு அவன் வரட்டும்

புந்தோங், ஈப்போ

அன்புள்ள பாப்பா,

உன் கடிதமும் அதோடு நீ வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. பச்சோந்தி வளர்க்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். கடையில் கண்டதும் கையோடு வாங்கி வந்துவிடாமல் முதலில் கேட்டு எழுதினாய் பார், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். நீளத்தைப் பார்க்காமல் படி.

முதலில் எனக்கு ஒரு வாக்குக் கொடு. கூண்டு தயாராகி, செடிகள் வேர் பிடித்து, விளக்கு எரிந்து, காலையிலும் உச்சிவெயிலிலும் ராத்திரியிலும் உள்ளே எவ்வளவு சூடு என்று நீயே பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நாய்க்குட்டியை இன்றைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சங்கிலியை நாளைக்கு வாங்கலாம். பச்சோந்தி அப்படியில்லை. இடம் மாறுவதே அதற்குப் பெரிய அதிர்ச்சி. வந்த பிறகு நாம் கையை உள்ளே விட்டுக் கிளையை மாற்றுவதும் விளக்கை நகர்த்துவதுமாக இருந்தால், பயத்திலேயே சாப்பாட்டை விட்டுவிடும். வந்த அன்று அவன் ஏறி உட்காரும் கிளை, அவனுக்கு நிரந்தரமான கிளையாக இருக்கட்டும்.

வேலியில் திரிவதைப் பிடித்து வளர்த்தால் என்ன என்று தம்பி கேட்டானாம். வேண்டாம் என்று சொல். தோட்டத்தில் பால் மரத்தில் ஏறி ஓடியதை எல்லாம் நாங்கள் பச்சோந்தி என்றுதான் சொல்லி வளர்ந்தோம். ஆனால் அவை வேறு. பளிச்சென்ற பச்சையாக, உடம்பைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமான வாலோடு, பயந்தால் பழுப்பாகிவிடுமே, அது இந்த மண்ணின் பச்சை ஓணான். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு, இணை தேடும் காலத்தில் தலையும் கழுத்தும் சிவக்க நிற்பது சாதாரண ஓணான். மரத்துக்கு மரம் மிதந்து இறங்குவது பறக்கும் ஓணான். மலேசியக் காட்டில் உண்மையான பச்சோந்தி ஒன்றுகூடக் கிடையாது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா, ஐரோப்பாவின் தெற்கோரம், அப்புறம் இந்தியாவும் இலங்கையும், அங்கேதான் அவற்றின் குடும்பம் இருக்கிறது. தமிழ்நாட்டின் முள்ளுக்காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தியை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது; அங்கே பிடித்து வைத்திருந்தால் குற்றம். நம் வேலியில் இருப்பவை வேலியிலேயே இருக்கட்டும். பிடித்து அடைத்தால் பெரும்பாலும் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

நீ வாங்க வேண்டியது ஏமன் பச்சோந்தி. கடையில் ‘வெய்ல்ட்’ என்பார்கள். தலையில் உயர்ந்த கொண்டை இருக்கும். ஏமனும் சவூதியின் தென்மேற்கு மலைப்பக்கமும் அதன் சொந்த இடம். முதல்முறை வளர்ப்பவருக்கு அதுதான் பொறுத்துப்போகும். மடகாஸ்கரிலிருந்து வரும் ‘பேந்தர்’ நிறத்தில் அள்ளும், ஆனால் முதல் பச்சோந்தியாக அது வேண்டாம். மூன்று கொம்பு வைத்த ‘ஜேக்சன்’ கென்யாவின் குளிர் மலையில் வாழ்வது. கேமரன் மலையில் வீடு இருப்பவர்கள் நினைத்துப் பார்க்கலாம், உங்கள் ஊர் சுங்கை சிப்புட்டின் வெயிலுக்கு ஆகாது.

ஆணாகப் பார்த்து வாங்கு. குட்டியிலேயே கண்டுபிடித்துவிடலாம்: பின்னங்காலின் குதிப்பக்கத்தில் சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். பெண்ணை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏமன் பெண், ஆணையே பார்க்காவிட்டாலும் முட்டையிடும். ஒரு தடவைக்கு முப்பது, அறுபது, சில சமயம் அதற்கும் மேல். ஒரு முழ ஆழத்துக்கு ஈரமணல் வைத்துக் கொடுக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிரை எடுத்துவிடும். சாப்பாடும் சூடும் கூடக்கூட முட்டையும் கூடும். நன்றாகக் கவனித்தால் ஆண் ஆறு ஏழு வருடம் இருப்பான். பெண்ணுக்கு ஆயுள் அதைவிடக் குறைவு. ஒரு பச்சோந்தியோடு பழகித் தேறிய பிறகு பெண்ணைப் பற்றி யோசிக்கலாம்.

கடையில் குட்டியைப் பார்க்கும்போது நிறத்தைப் பார்க்காதே, கண்ணையும் காலையும் பார். பகலில் கண் நன்றாகத் திறந்து, இரண்டும் தனித்தனியாகச் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். கண் உள்ளே குழிந்திருந்தால் தண்ணீர் பற்றாமல் கிடக்கிறது. முன்னங்கால் வளைந்து முழங்கை தொய்ந்திருந்தால் எலும்பு ஏற்கெனவே கெட்டுவிட்டது. கிளையைப் பிடிக்கும் பிடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி வேண்டவே வேண்டாம். காட்டில் பிடித்ததும் வேண்டாம், பண்ணையில் பிறந்ததைக் கேள்.

காகிதமும் முக்கியம். ஏமன் பச்சோந்தி உலக அளவில் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது; அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. இங்கே 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716 என்பார்கள், அதன்படிதான் எல்லாம். வாங்குவதற்கு முன்பே ஈப்போவில் உள்ள பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குப் போய் இன்ன இனம் வளர்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கேள். அவர்கள் சொல்லும் உரிமத்தை எடு. கடைக்காரரிடம் ரசீதும், அந்தப் பிராணி எப்படி வந்தது என்ற பத்திரமும் கேட்டு வாங்கு. காட்ட மறுத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. கைப்பேசியில் படம் போட்டு, பெட்ரோல் நிலையத்தில் வைத்துக் கைமாற்றும் ஆட்களிடம் போகாதே. அவர்கள் கொண்டுவருவதில் எது கடத்திவந்தது, வழியில் எத்தனை செத்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று: சிங்கப்பூரில் பச்சோந்தி வளர்க்கவே அனுமதி இல்லை. நாளைக்கு அங்கே வேலைக்குப் போவதாக இருந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆறு ஏழு வருடப் பொறுப்பு என்பதை நினைவில் வை.

இனி உன் படத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய மீன் தொட்டியைக் கழுவி, அடியில் மணல் போட்டு, மேலே பல்பு தொங்கவிட்டு, கூடத்தில் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்து வரைந்திருக்கிறாய். அழகான படம். ஆனால் அந்தத் தொட்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிடு, மீன் வளர்க்கட்டும்.

பச்சோந்தி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர் தேசத்துக்காரர்கள். சூடு காட்டு, ஈரம் சேர், மூடி வை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. பேராக்கில் சூடும் ஈரமும் வாசலிலேயே கிடக்கின்றன. பகலில் 32, 33 டிகிரி, ராத்திரியில் 23, 24. நாம் தேடிக் கொடுக்க வேண்டியது காற்று. கண்ணாடித் தொட்டியில் காற்று நகராது. ஈரமும் சூடும் சேர்ந்து புழுங்கும். சில வாரத்தில் சளி பிடித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பச்சோந்திக்கு நெஞ்சுச்சளி வந்தால் மீட்பது கஷ்டம். போதாததற்குக் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து, இன்னொரு ஆண் வந்துவிட்டான் என்று நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கும்.

அதனால் நாலு பக்கமும் கம்பிவலை போட்ட கூண்டு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம். அதற்குக் குறைத்தால் அவனுக்குப் பற்றாது. உயரம்தான் முக்கியம், ஏனென்றால் அவன் ஏறுகிறவன். உங்கள் ஊரிலேயே அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் அளவு கொடுத்தால் சட்டம் அடித்து வலை கட்டிக் கொடுப்பார்கள். அலுமினிய வலையாகக் கேள். நைலான் வலையைச் சில்வண்டு கடித்து ஓட்டை போட்டுவிடும், இரும்பு துருப்பிடிக்கும். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற கதவும், அடியில் தண்ணீர் வடிய ஒரு தட்டும் இருக்கட்டும். அடியில் மணல், மண், தேங்காய்நார் எதுவும் போடாதே. பூச்சியைப் பிடிக்கும்போது அதையும் சேர்த்து விழுங்கிவிடுவான்.

எங்கே வைப்பது? தன்னைவிட உயரத்திலிருந்து எது எட்டிப்பார்த்தாலும் அதைப் பருந்து என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே கூண்டை ஒரு மேசைமேல் வை. அவன் உட்காரும் மேல்கிளை உன் கண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். நீ அண்ணாந்து பார்க்கிற வரைக்கும்தான் அவன் நிம்மதியாக இருப்பான். கூண்டின் பின்பக்கத்தைச் சுவரோடு சேர்த்துவிடு, பக்கங்களைச் செடியால் மறை, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். நாலு பக்கமும் ஆள் நடந்தால் ஒளிய இடமில்லாமல் நொந்துபோவான்.

உங்கள் வீட்டுக் கூரை தகரம். லயத்து வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கூரையின் சூடு தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்குத் தரையில் படுத்தால் தாங்கும், அலமாரிமேல் கை வைத்தால் சுடும். கூண்டின் உச்சியும் அந்த அலமாரி உயரத்தில்தான் இருக்கப்போகிறது. ஆகவே வெப்பமானியைக் கீழே அல்ல, மேல்கிளையில் கட்டு. அங்கே 35 டிகிரியைத் தொட்டால் அந்த இடம் ஆகாது, வேறு இடம் பார். முன்வாசல் கூடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நல்ல இடம் என்று நினைக்கிறேன். காற்றாடி நேராக அடிக்கக் கூடாது. சமையலறைப் பக்கம் வேண்டாம், தாளிப்புப் புகை ஆகாது. சாமி மேடைக்குப் பக்கத்தில் நிச்சயமாக வேண்டாம். வெள்ளிக்கிழமை பாட்டி சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கூண்டுதான் தள்ளிப் போக வேண்டும். கூண்டு இருக்கும் அறையில் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். டிங்கிக்குப் புகையடிக்க சுகாதாரத் துறை ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் கூண்டை மூடி, புகை வராத இடத்துக்குக் கொண்டுபோய்விடு. எதிர்வீட்டில் பூச்சிமருந்து அடித்தாலும் அப்படியே. புகைமூட்டக் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்.

எறும்பை மறந்துவிடாதே. உயிருள்ள சில்வண்டு, செத்த சில்வண்டு எதுவானாலும் எறும்பு வந்துவிடும். தூங்கும் பச்சோந்தியை எறும்பு மொய்த்தால் தப்பி ஓட அதற்கு வேகம் கிடையாது. பாட்டி பலகாரம் வைக்கும் மேசைக்குச் செய்வதைப் போல மேசைக்கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிடு. எறும்புச் சாக்பீஸ், ஸ்பிரே இரண்டும் கூண்டு இருக்கிற அறைக்குள்ளேயே வரக் கூடாது.

விளக்கு இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதே. ஒன்று சூட்டுக்கு. நமக்கு அது பெரும்பாலான நாளில் தேவையே இல்லை. நவம்பர் மழையில் காலையெல்லாம் இருண்டு கிடக்கும் நாளில் மட்டும் ஒரு சின்ன பல்பை ஒன்றிரண்டு மணி நேரம் போட்டால் போதும். குட்டிக்கு 27, 28 டிகிரி, வளர்ந்த ஆணுக்கு 30 டிகிரி, அதற்கு மேல் சூடு காட்டாதே. பல்பு வலைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். முதுகு வெந்தாலும் நகரத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ராத்திரி எந்த விளக்கும் வேண்டாம்.

இன்னொன்று புற ஊதா விளக்கு. இதில் கஞ்சத்தனம் கூடாது. ‘டி5’ குழாய் விளக்கு, 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்கு. சின்ன சுருள் பல்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல். தோலில் அந்த ஒளி பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் கால் வளையும், தாடை ரப்பரைப் போல மெத்தென்று ஆகிவிடும், நாக்கை வீசக்கூட முடியாது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியட்டும். மேல்கிளையில் உட்காரும்போது முதுகுக்கும் விளக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. வெளிச்சம் தெரிகிறதே என்று விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒரு தடவை குழாயை மாற்று. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் முன்னாடியே தீர்ந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது, அதை நம்பாதே.

நிஜ வெயிலுக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை. காலை எட்டு மணி வாக்கில் கூண்டோடு வாசலில் பாதி நிழல், பாதி வெயிலாக வை. எங்கே உட்காருவது என்று அவனே முடிவு செய்துகொள்வான். பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார். உங்கள் பக்கம் குரங்கு, காக்கை, பூனை மூன்றும் உண்டு.

செடி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். குளிர் தேசத்தில் தொட்டியில் வைத்துச் சீராட்டும் மணி பிளாண்ட் நமக்கு வேலியில் ஏறிக் கிடக்கிறது. ஏமன் பச்சோந்தி இலையும் கடிக்கும், அதனால் எதை வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். செம்பருத்தி ரொம்ப நல்லது. பூவையும் இலையையும் ஆசையாகத் தின்பான். கோயில் வேலியில் செம்பருத்திக்குப் பக்கத்திலேயே அரளியும் நிற்கும். அரளி நஞ்சு, ஒரு கிளைகூட உள்ளே போகக் கூடாது. ஒடித்தால் பால் வடியும் கள்ளி வகைகளும் அப்படித்தான். நர்சரியில் வாங்கும் செடியில் மருந்து அடித்திருப்பார்கள். வேரைக் கழுவி மண்ணை மாற்று, இலைகளைத் தண்ணீரில் நன்றாக அலசு, சில வாரம் மழையில் விட்டுவை. தொட்டி மண்ணை வாய்க்குள் அடங்காத பெரிய கூழாங்கல்லால் மூடிவிடு.

உட்காரக் கிளை வேண்டும். கொய்யாக்கிளைதான் எனக்குப் பிடித்தது. பட்டை வழவழப்பாக, முறுக்காக இருக்கும். அவன் விரல்கள் ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று என்று சேர்ந்து இடுக்கியாக இருக்கும். பிடித்தால் விரல் நுனிகள் ஒன்றையொன்று சந்திக்கிற பருமன் அவனுக்குச் சுகம். பென்சில் பருமனிலிருந்து பெருவிரல் பருமன் வரை கலந்து எடு. சிலதைக் கிடையாகவும் சிலதைச் சாய்வாகவும் கட்டு. ரப்பர்க் கிளை வேண்டாம், பச்சையாக இருந்தால் பால் கசியும்.

தண்ணீர் குடிப்பதை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தால் மறக்க மாட்டாய். கிண்ணத்தில் வைத்தால் அது தண்ணீர் என்றே அவனுக்குத் தெரியாது. விடிகாலையில் விளக்குப் போடுவதற்கு முன் இலைகள் நனையத் தெளித்துவிட்டுத் தள்ளி நின்று பார். முதலில் ஒரு கண் மட்டும் கீழே திரும்பும். இலை நுனியில் ஒரு துளி கனத்துத் தொங்கும். வெளிச்சத்தில் அது ஆடும்போதுதான் அவன் கண்டுபிடிப்பான். வாயை மெல்லத் திறந்து, நாக்கு நுனியால் தொட்டு, இலையையே சப்புவதுபோலக் குடிப்பான். ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் நடுவில் யோசிப்பான். அவசரப்படுத்தினால் நிறுத்திவிடுவான். அந்தச் சொட்டு தொடர்ந்து விழுவதற்காக, ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஊசித்துளை போட்டுக் கூண்டின்மேல் வைத்தால் போதும், மத்தியானம் கொஞ்ச நேரம் சொட்டட்டும். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்துவைத்துப் பிறகு பயன்படுத்து. காலையில் ஒன்று, விளக்கு அணைந்த பின் ஒன்று என்று தெளித்தால் நம் ஊர் ஈரத்துக்கு அதுவே தாராளம். நடுவில் இலைகள் காய்ந்தே ஆகவேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் சளியும் தோல்நோயும் வரும். அவன் கழிவில் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும். ஆரஞ்சாக இருந்தால் போதவில்லை.

சாப்பாடு. அடிப்படை சில்வண்டு. பறவைத் தீனிக் கடையிலும் அரோவானா மீனுக்குத் தீனி விற்கும் கடையிலும் ‘செங்கெரிக்’ என்று கேட்டால் தருவார்கள். அளவு அவனுடைய இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், அது தின்னத் தின்னக் கொடு. ஆறு மாதத்துக்குப் பிறகு மெல்லக் குறை. வளர்ந்தவனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், நாலைந்து பூச்சி போதும். அவன் எப்போதும் பசியோடு பார்ப்பான், அதை நம்பி அள்ளிக் கொடுத்தால் கொழுத்து ஈரல் கெடும்.

கடையிலிருந்து வந்த சில்வண்டின் வயிறு காலியாக இருக்கும். அதை அப்படியே போட்டால் வெறும் ஓட்டைத்தான் தின்கிறான். இதுதான் புதிதாக வளர்க்கிறவர்கள் விட்டுவிடுகிற இடம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சில்வண்டை முட்டை அட்டையோடு ஒரு பெரிய டப்பாவில் விட்டு, குறைந்தது ஒருநாளாவது நீ நல்ல சாப்பாடு போட வேண்டும். உங்கள் வாசலில் நிற்கும் முருங்கைதான் முதல் தரம். அதன் இலையில் சுண்ணாம்புச்சத்து ஏராளம். கூடவே சாவிக்கீரை, பறங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பப்பாளி. பசலையையும் தண்டுக்கீரையையும் குறைத்துக்கொள், அவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூண்டில் விடுவதற்கு முன் பூச்சியை ஒரு பையில் போட்டு, டி3 சேராத கால்சியம் பொடி ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கு. டி3யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பொடியை மாதம் இரண்டு தடவை மட்டும். கூடிப்போனாலும் கெடுதல்தான்.

ஒரே பூச்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொள்வான். டூபியா கரப்பான், பட்டுப்புழு, கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு என்று மாற்றிக் கொடு. அந்தக் கடைசிப் புழுவில் சுண்ணாம்புச்சத்து தானாகவே நிறைய இருக்கிறது. கடையில் கிண்ணத்தில் நெளியும் மீல்வார்ம் எப்போதாவது ஒன்றிரண்டு மட்டும். வீட்டுப் பல்லியைப் பிடித்துக் கொடுக்காதே, அதிலிருந்து வயிற்றுப்புழு வரும்.

செம்பனைத் தோப்பில் வெட்டுக்கிளி கொட்டிக்கிடக்கிறது, தம்பி தினமும் பிடித்துத் தருவான் என்று எழுதியிருக்கிறாய். பாப்பா, அது மட்டும் வேண்டாம். உன் பாட்டி எத்தனையோ வருடம் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர். அவர் கைநகங்கள் எப்படிக் கறுத்து வெடித்திருக்கின்றன என்று நீயே பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்து பாராகுவாட்டை 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். தடை வந்தபின்பும் வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். புல்லில் அடித்தது வெட்டுக்கிளி வயிற்றில், அங்கிருந்து நாற்பது ஐம்பது கிராம்கூட இல்லாத உன் குட்டியின் வயிற்றில். ஆளையே அப்படிச் செய்த மருந்து அதை என்ன செய்யும் என்று தம்பியிடம் சொல், புரிந்துகொள்வான்.

அவன் நாக்கை வீசுவதைத் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று நினைப்பாய். காட்டு. உடம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் போகும். நாக்கு நுனியில் ஊறும் எச்சில் நம் எச்சிலைவிட 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு கனமான இரையைக்கூட இழுக்க அதுதான் உதவுகிறது. ஆனால் நாக்குக்கும் காயம் வரும். பூச்சி ஏறி நிற்க உள்ளே வலை ஒட்டிய ஒரு டப்பாவைக் கிளைக்கு எதிரே கட்டிவிடு. நேரத்துக்கு அங்கே வந்து நிற்பான். தின்னாமல் மிஞ்சிய சில்வண்டை மாலையில் எடுத்துவிடு. ராத்திரியில் அது அவனைக் கடிக்கும்.

நிறம் பற்றிக் கேட்டிருந்தாய். செடிக்குத் தகுந்தபடி மாறுவதில்லை. குளிர்ந்தால் வெயிலை வாங்கக் கறுப்பான், கோபம் வந்தால் கோடுகள் கொழுந்துவிட்டு எரியும், தூங்கும்போது வெளிறிப்போவான். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிச் என்பவரின் குழு 2015இல் ‘பேந்தர்’ இனத்தை ஆராய்ந்து, தோலுக்குள் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக இருக்கின்றன, அந்த வரிசையின் இடைவெளியை நெருக்கியும் விரித்தும்தான் நிறம் மாற்றுகிறது என்று கண்டுபிடித்தது. உனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அமைதியான இளம்பச்சையில் இருந்தால் சுகமாக இருக்கிறான். நீ பக்கத்தில் போகும்போதெல்லாம் கறுத்து, உடம்பைத் தட்டையாக்கிக் கிளைக்குப் பின்னால் போனால், இன்னும் தள்ளி நிற்கச் சொல்கிறான்.

தூக்கிக் கொஞ்சுகிற பிராணி அல்ல. அவன் உன்னோடு விளையாட வர மாட்டான், மடியில் தூங்க மாட்டான். துணைக்கு இன்னொன்று வாங்கிவிடலாம் என்றும் நினைக்காதே. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றொன்றை மிரட்டி மிரட்டியே கொன்றுவிடும். முதல் மாதம் சாப்பாடு, தண்ணீர், சுத்தம் தவிரக் கையை உள்ளே விடாதே. பிறகு உள்ளங்கையில் பட்டுப்புழுவை வைத்து நீட்டிப் பார். வந்தால் வரட்டும். இப்படிச் சும்மா இருந்து பார்ப்பதில் எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வரவில்லை. உனக்கும் வரும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், தலையை மேலே தூக்கி மூச்சுவிட்டால், கிளையிலிருந்து விழுந்தால், நாளை பார்ப்போம் என்று தள்ளாதே. இந்தப் பிராணி நோயைக் கடைசிவரை மறைத்துவைக்கும். நாய், பூனை பார்க்கும் மருத்துவர் எல்லாரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. ஆகவே குட்டி வருவதற்கு முன்பே ஈப்போவில் ஒவ்வொரு இடமாகத் தொலைபேசியில் விசாரித்து, யார் பார்ப்பார்கள் என்று எழுதி வை.

வளர்க்க முடியாமல் போனால் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஹவாயில் 1972இல் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த ஜேக்சன் பச்சோந்திகளை வெளியே விட்டார்கள். அவை பெருகி இன்றைக்கும் அந்தத் தீவுகளுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்றுகொண்டிருக்கின்றன. ஃபுளோரிடாவில் ஏமன் பச்சோந்தியே காட்டில் குடியேறிவிட்டது. கோலகங்சாரில் 1877இல் நட்ட சில ரப்பர்க் கன்றுகள் இந்த மண்ணில் எப்படிப் பிடித்தன என்று நமக்குத் தெரியாதா? வெளியிலிருந்து வருவது இங்கே சுலபமாக வேர்விடும். அப்படி ஒரு நிலை வந்தால் எனக்குச் சொல், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

கூண்டுக்கான அளவைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிப் பட்டறையில் இந்த வாரமே கொடுத்துவிடு. கொய்யாக்கிளையை வெட்டி வெயிலில் காயப்போடு, மணி பிளாண்டையும் செம்பருத்தியையும் புதுமண்ணில் வை. வெப்பமானி என்னிடம் ஒன்று அதிகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன். உங்கள் கூடத்தில் எந்த மூலையில் எத்தனை டிகிரி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து குறித்துவிடுவோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருப்பேன் என்று உன் அம்மாவிடம் சொல். பாட்டிக்குப் பிடித்த கச்சான்பூத்தே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் சித்தப்பா